கண்ணாடிக்கு என்னலே கலரு?

ஏல பேராண்டி, நீ போன்ல அனுப்புன படத்தைப் பாத்தேன். நீ செஞ்ச ஷெர்மன் டாங்கி மாடல். 76 மில்லிமீட்டர் பீரங்கி வச்சது, 1944 ஜூலைக் கடைசியில நார்மண்டிச் சண்டையில எறங்குனது. அருமையா செஞ்சிருக்க. சங்கிலியில கண்ணிக்குக் கண்ணி சேறு ஒட்டியிருக்கு. சக்கரத்து ரப்பர் ஓரம் பிஞ்சது வரைக்கும் தெரியுது. உடம்புல அடிச்ச பச்சை அந்தக் காலத்து ஆலிவ் டிராபுதானா, இல்ல ஒரு சொட்டு மஞ்சள் கூடிப்போச்சான்னு கூட்டாளிமாரோட ராத்திரி பூரா சண்டை போட்டியாம், உங்க அம்மை சொன்னா. போடத்தான் வேணும். ஆனா எனக்குச் சந்தோஷம் தாங்காமப் போனது எதுலன்னு கேளு. கண்ணாடி பூராவும் நீலம் அடிச்சிருக்க பாரு, அதுலதான். டிரைவர் பெரிஸ்கோப்பு நீலம். பக்கத்துல இருக்கிறவன் பெரிஸ்கோப்பும் நீலம். கமாண்டர் தலைக்கு மேல குபோலாங்கிற கூண்டைச் சுத்தி ஆறு கண்ணாடி, ஆறும் ஒரே நீலம். நார்மண்டியில அன்னைக்கு ஒரு பொட்டு மேகம் கூட இல்ல போலிருக்கு. கிழக்க பாத்தாலும் நீலம், மேக்க பாத்தாலும் நீலம், மண்ணைப் பாத்தாலும் நீலம். அந்தக் கமாண்டர் கொடுத்து வச்சவன்.

உன் கூட்டாளி ஒருத்தன் அடுத்தாப்புல அவன் டாங்கியை நிறுத்தி வச்சிருக்கான்லா, அவனையும் பாராட்டணும். அவன் அந்தச் சோலிக்கே போகல. இரும்புக்கு எந்தப் பச்சையோ அதே பச்சையை மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்பா இழுத்து, கண்ணாடியையும் அதுக்குள்ளயே அமுக்கிட்டான். உள்ள இருக்கிற அஞ்சு பேரும் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் சண்டைக்குப் போயிருக்கணும். ஆனாலும் ஒண்ணு சொல்லுதேன். உங்க ரெண்டு பேர்ல அவன் செஞ்சதுதான் தூரத்துல நின்னு பாத்தா கண்ணை உறுத்தல. கோவப்படாத, மேல கேளு.

இதைச் சொல்ல இந்தக் கெழவனுக்கு என்ன யோக்கியதைன்னு நீ கேக்க மாட்ட, உங்க அப்பன் கேப்பான். பட்டாளத்துல நான் டி-55க்கு டிரைவர்னு அவன்கிட்ட எடுத்துச் சொல்லு. முன்னால இடது பக்கம் குழிக்குள்ள உக்காரணும். மூடியைச் சாத்திட்டா 36 டன் இரும்புக்கும் எனக்கும் சேத்து இருக்கிறது எதிர்த்தாப்புல ரெண்டே ரெண்டு பெரிஸ்கோப்பு. நீ பிரஷ் முனையால ஒரு தொடு தொட்டுட்டுப் போற இடம் வழியாத்தான் ராஜஸ்தான் மணலை நான் பாத்தேன். பள்ளமா மேடான்னு அதுல பாத்துத்தான் முடிவு பண்ணணும். தப்பா முடிவு பண்ணுனா மேல நிக்கிற கமாண்டர் ஹெட்போன்ல பேசுற பேச்சு இருக்கே, அதை இங்க எழுத முடியாது. நாங்க எல்லாம் அந்தக் கண்ணாடியை உள்ளேருந்து பாத்தவங்க. நீ வெளியேருந்து பாக்கிறவன். ரெண்டும் வேற வேற பார்வை. உன் சிக்கலே அங்கதான் தொடங்குது.

முதல்ல சாமானைத் தெரிஞ்சுக்க. டாங்கியில கண்ணாடின்னு சொன்னா ரெண்டு சாதி. ஒண்ணு பெரிஸ்கோப்பு. மேல ஒரு கண்ணாடி, கீழ ஒரு கண்ணாடி, ரெண்டும் 45 பாகை சாஞ்சு ஒண்ணை ஒண்ணு பாத்து நிக்கும். கண்ணாடிக்குப் பதிலா பட்டகம் வச்சதும் உண்டு. வெளியே இருந்து வர்ற வெளிச்சம் மேல மோதி நேரா கீழ எறங்கி, கீழ மோதி ஆளோட கண்ணுக்கு வரும். பாக்கிறவன் தலை இரும்புக்குக் கீழ பத்திரமா இருக்கும். குண்டு வந்தா மேல இருக்கிற தலைப்பு மட்டும்தான் ஒடையும். ரெண்டாவது சாதிதான் விஷன் பிளாக்கு. கண்ணாடியை அடுக்கடுக்கா ஒட்டித் தடிமனாக்கி, இரும்புல ஓட்டை போட்டு அதுக்குள்ள செருகினது. நேரா ஊடுருவிப் பாக்கிறது. நீ நீலம் அடிச்ச அந்த ஷெர்மன் குபோலாவுல இருக்கிற ஆறும் விஷன் பிளாக்கு. டிரைவர் மூடியில நிக்கிறது பெரிஸ்கோப்பு. ரெண்டுக்கும் ஒரே டப்பாவுல பிரஷ்ஷை முக்குன பாரு, அந்தச் சிக்கனம் எங்க வழியில வந்தது இல்ல, உங்க பாட்டி வழி.

அதுக்கும் முன்னால ஒண்ணும் கிடையாது, வெறும் கீறல்தான். 1916 செப்டம்பர் 15-ல பிரான்சுல ஃபிளேர் பக்கத்துல இங்கிலீஷ்காரன் முதன்முதலா டாங்கியைச் சண்டைக்கு எறக்குனான். இரும்புத் தகட்டுல மெலிசா ஒரு வெட்டு, அதுல கண்ணை வச்சுப் பாக்கணும். வெளியே துப்பாக்கிக் குண்டு தகட்டுல மோதிச் சிதறுனா, ஈயத் துளி அந்த வெட்டு வழியா உள்ள பாயும். மொகம் பூராவும் புண்ணு. பொறவு தோலுல முகமூடி செஞ்சு, வாய்க்குக் கீழ இரும்பு வளைய வலை தொங்கவிட்டுக் கொடுத்தான். அந்த முகமூடியை மாட்டிக்கிட்டு, இன்ஜின் சூட்டுல, ஒரு கீறல் வழியா ஒலகத்தைப் பாத்த ஆளுக்குக் கண்ணாடின்னா என்ன மதிப்பு இருந்திருக்கும்னு ரோசிச்சுப் பாரு.

அந்த மதிப்பைத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் போலந்துல இருந்தான். ருடால்ஃப் குண்ட்லாக்னு பேரு, பட்டாளத்து இன்ஜினியர். அவன் காலத்துல பெரிஸ்கோப்பு இருந்துச்சுதான். ஆனா பின்னால என்ன நடக்குன்னு பாக்கணும்னா ஆளே ஒடம்பைத் திருப்பி உக்காரணும். டாங்கிக்குள்ள திரும்பி உக்கார எங்க எடம் இருக்கு? முட்டி ஒரு பக்கம் இடிக்கும், தலை ஒரு பக்கம் இடிக்கும். குண்ட்லாக் இன்னொரு பட்டகத்தைச் சேத்து, உக்காந்த இடத்தை விட்டு நகராமலே முன்னாலயும் பின்னாலயும் பாக்கிற மாதிரி செஞ்சு, 1936-ல காப்புரிமை வாங்குனான். போலந்துக்காரன் அதைத் தன்னோட 7டிபி டாங்கியில வச்சான். இங்கிலாந்துல விக்கர்ஸ் கம்பெனி உரிமையை வாங்கி, மார்க்-4னு பேரு போட்டு இங்கிலீஷ் டாங்கியில எல்லாம் செருகிட்டான். அங்கேருந்து ரஷ்யாவுக்கு உதவியா போன டாங்கியோட அந்தப் பெரிஸ்கோப்பும் போச்சு. ரஷ்யாக்காரன் அதைக் கழட்டிப் பாத்து அப்படியே செஞ்சு எம்கே-4னு வச்சுக்கிட்டான். பேரைக் கூட மாத்தணும்னு தோணல பாரு, நேர்மையான ஆளு. ஆக, ஒன் அலமாரியில ஒருத்தனை ஒருத்தன் முறைச்சுக்கிட்டு நிக்கிற சர்ச்சில் டாங்கிக்கும் கடைசிக் காலத்து டி-34க்கும் கண்ணு கொடுத்தது ஒரே போலந்துக்காரன். நீ பொட்டு வச்ச அந்தச் சின்னச் சதுரத்துக்குப் பின்னால இவ்வளவு கதை இருக்கு. பொட்டு நல்லாத்தான் இருக்கு, இல்லேங்கல.

இப்ப கலருக்கு வாரேன். நம்ம தோட்டத்துக் கெணத்துல எட்டிப் பாத்திருக்கல்லா? தண்ணிக்கு என்ன நிறம்? வாளியில மோந்தா நிறமே இல்ல. மேலேருந்து எட்டிப் பாத்தா கறுப்பு. கறுப்புக்கு நடுவுல வானம் ஒரு துண்டு, ஒன் தலை ஒரு துண்டு. பெரிஸ்கோப்புக் கண்ணாடியும் அதே கணக்குத்தான். அதுக்குள்ள பாத்தா, மேல் பட்டகத்துல மோதி, கீழ் பட்டகத்துல மோதி, டாங்கி வயித்துல இருக்கிற இருட்டைத்தான் பாக்க. அதனால அடிநிறம் இருட்டு. கண்ணாடி மொகத்துல நேரா விழுற வெளிச்சத்துல நூத்துக்கு நாலு பங்குபோலதான் திரும்பி வரும். மிச்சம் உள்ள போயிரும். அந்த நாலு பங்குக்கு நீ நூறு பங்கு நீலம் பூசிட்ட.

அந்த நாலு பங்காவது நீலமான்னு கேட்டியா? அங்கதாம்லே சூட்சுமம். கெணத்துத் தண்ணி மல்லாந்து கிடக்கு, அதனால வானத்தைப் பாக்குது. பெரிஸ்கோப்புக் கண்ணாடி நிமிந்து நிக்குது. ஒன் மாடல் மேசை மேல இருக்கு, நீ நின்னுக்கிட்டு மேலேருந்து பாக்க. மேலேருந்து நிமிந்த கண்ணாடியைப் பாத்தா அதுல தெரியுறது வானம் இல்ல, முன்னால கிடக்கிற தரை. டாங்கியோட சொந்த முதுகு. பச்சை டாங்கின்னா அழுக்குப் பச்சை, பாலைவனத்து டாங்கின்னா மணல். நம்ப முடியலன்னா உங்க வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால ஸ்டூல் போட்டு ஏறி நின்னு, கண்ணாடியோட கீழ்ப்பாதியைப் பாரு. தரை தெரியுதா, கூரை தெரியுதா? வானம் தெரியணும்னா கண்ணாடி பின்பக்கமா சாஞ்சிருக்கணும். அது ஒரு பங்கு சாஞ்சா, அதுல தெரியுற காட்சி ரெண்டு பங்கு மேல ஏறும். 20 பாகை சாஞ்ச கண்ணாடியில 40 பாகை ஏறும். அப்படிச் சாஞ்ச கண்ணாடி இருக்கிற டாங்கிக்கு வானத்துல ஒரு கீத்து கொடு, வேண்டாம்னு சொல்லல. அதுவும் நீலம்னு கட்டாயம் இல்ல. மேகம் போட்ட நாள்ல வானம் சாம்பல் கலந்த வெள்ளை. ஐரோப்பாவுல சண்டை நடந்த நாள்ல முக்காவாசி அப்படித்தான் இருந்திருக்கும். நீ சேத்தை வேற அள்ளிப் பூசியிருக்க. மழை பெய்யாம சேறு எங்கேருந்துலே வந்துச்சு?

பச்சை ஒண்ணு உண்டு, அதை மறந்துராத. கண்ணாடியில கலந்திருக்கிற இரும்புச் சத்தால அதோட ஓரம் எப்பவும் பச்சை அடிக்கும். சன்னல் கண்ணாடியை ஓரமா வச்சுப் பாத்தாலே தெரியும். விஷன் பிளாக்கு அடுக்கடுக்கா தடிமனா இருக்கிறதால அந்தப் பச்சை நல்லாத் தெரியும். வருசம் போனா அடுக்குக்கு இடையில இருக்கிற பசை மஞ்சளாகும், ஓரத்துல பால் ஊத்தின மாதிரி வெளுக்கும். சண்டை நேரத்து டாங்கிக்கு இது வேண்டாம், சண்டை முடிஞ்சு காட்டுல கிடக்கிற டாங்கி செய்யுத பயலுக்கு நல்ல வேலை. தொடக்க காலத்து டி-34 செய்யுதவன் இன்னொண்ணைத் தெரிஞ்சுக்கிடணும். அதுல பளபளன்னு தேச்ச இரும்புத் தகட்டையே கண்ணாடிக்குப் பதிலா வச்சிருந்தான். அதுல என்ன தெரிஞ்சிருக்கும்னு அந்த டிரைவரைத்தான் கேக்கணும். அவன் பதில் சொல்ற நிலைமையில இருந்தானாங்கிறது வேற விசயம்.

ஒன் இன்னொரு ஷெர்மன் இருக்கே, போன வருசம் செஞ்சது. கண்ணாடிக்கு ஊதாவும் ஆரஞ்சும் கலந்து மினுக்க விட்டிருந்தியே. அது என்னன்னு கேட்டதுக்கு, லேசர் தடுப்புப் பூச்சு தாத்தான்னு சொன்ன. நான் ஒண்ணும் பேசல, காப்பியைக் குடிச்சேன். இப்பச் சொல்லுதேன். உலகத்துல முதல் லேசர் எரிஞ்சது 1960 மே 16-ல. கலிஃபோர்னியாவுல தியோடர் மைமன்னு ஒருத்தர் எரிய விட்டாரு. ஒன் ஷெர்மன் நிக்கிறது 1944-ல. அமெரிக்காக்காரன் எதிர்காலத்தை யோசிப்பான்னு கேள்விப்பட்டிருக்கேன், 16 வருசம் முன்கூட்டியே யோசிச்சான்னு நீ சொல்லித்தான் தெரியும்.

அந்த மினுக்கு எங்க சேரும்னா, 1980-க்குப் பொறவு வந்த அமெரிக்கா ஏப்ரம்ஸ் மாதிரி டாங்கிக்குச் சேரும். அதுல டிரைவருக்கு முன்னால மூணு பெரிஸ்கோப்பு, கமாண்டரைச் சுத்தி ஆறு. பீரங்கி சுடுறவனுக்குத் தனியா பெரிய பெட்டி, அதுக்குக் கதவு வேற. தூரம் அளக்கிற லேசர் கண்ணுல பட்டா பார்வை போயிரும்னு கண்ணாடிக்குள்ள வடிகட்டி வைக்கான். எந்தக் கதிரைத் தடுக்குதோ அதைப் பொறுத்து, பாக்கிற கோணத்தையும் பொறுத்து, நிறம் மாறும். இங்க நீ ஆடலாம். உங்க பாட்டி கொலு பொம்மைக்கு ஒட்டுன ஜிகினாத் தாள் மிச்சம் பரண்ல இருக்கு. அதுல அளவா ஒரு துண்டு வெட்டி ஒட்டி, மேல தமியா எக்ஸ்-26 ஆரஞ்சோ எக்ஸ்-25 பச்சையோ, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுற கலர், ஒரு பூச்சு மெலிசா கொடு. வெளிநாட்டுலேருந்து துண்டுத் தாளுக்கு டாலர் கட்டி வாங்குதியாமே. பரண் ஏறுறதுக்குக் காசு இல்ல, முட்டு வலி மட்டும்தான். அதுவும் எனக்குத்தான்.

டைகருக்கு நீ செஞ்சதைப் பத்திப் பேசாம இருக்கலாம்னுதான் நெனச்சேன். மனசு கேக்கல. 1943 ஏப்ரல்ல துனீசியாவுல இங்கிலீஷ்காரன் பிடிச்ச டைகர் 131, இப்பப் போவிங்டன் டாங்கி மியூசியத்துல நிக்குதே, அதைத்தான் செஞ்சிருக்க. அதோட குபோலாவுல பெரிஸ்கோப்பே கிடையாது. தடிச்ச இரும்புல அஞ்சு வெட்டு, வெட்டுக்குப் பின்னால உள்பக்கமா கண்ணாடி. ஏழு பெரிஸ்கோப்பு வச்ச குபோலா 1943 நடுவுலதான் வந்துச்சு. பேந்தர்லயும் அதே கதைதான். முதல்ல வந்த டி வகையில வெட்டு, அடுத்து வந்த ஏ வகையில ஏழு பெரிஸ்கோப்பு. ஜெர்மன்காரன் அகர வரிசையைத் தலைகீழாப் படிச்சவன், அதை விடு. வெட்டுன்னா உள்ள ஆழத்துல இருட்டு மட்டும்தான் தெரியும். கறுப்பைத் தண்ணியாக் கரைச்சு அந்த வெட்டுக்குள்ள ஓட விட்டா சோலி முடிஞ்சுது. நீ அந்த அஞ்சு வெட்டுக்கும் மெனக்கெட்டு, உருப்பெருக்கியை மாட்டிக்கிட்டு, நீலம் பூசி, நீலத்துக்கு மேல வெள்ளைக் கீத்தும் இழுத்திருக்க. கை நடுங்காம இழுத்திருக்க. அந்தக் கைக்கு வேற வேலை கொடுத்திருக்கலாம்.

சரி, எப்படித்தான் செய்யணும்னு கேட்டா, பைய கேட்டுக்க, மறுபடி சொல்ல மாட்டேன். கண்ணாடியைக் கடைசியில செய். நீ என்ன பண்ணுத? முதல்லயே பளபளன்னு கண்ணாடியை முடிச்சிட்டு, பொறவு மொத்த டாங்கிக்கும் மேட் வார்னிஷ் அடிக்க. கண்ணாடி அந்தானைக்கு மங்கிப் போவுது. மங்கிப்போச்சேன்னு இன்னும் கொஞ்சம் நீலம். மேட் அடிச்சு, புழுதி தூவி, எல்லாம் காஞ்ச பொறவு, மெல்லிசு பிரஷ்ஷை எடு. சதுரத்துக்குள்ள கறுப்பு. சுத்தக் கறுப்பு வேண்டாம், துளி பச்சை கலந்த கறுப்பு. அது காஞ்சதும் எக்ஸ்-19 ஸ்மோக்கோ, எக்ஸ்-25 பச்சையோ ஒரு சொட்டு. அதுக்கும் மேல பளபளப்பு வார்னிஷ் தடிமனா ஒரு சொட்டு. வெள்ளைப் பசையை வச்சாலும் சரி, காஞ்சா ஊடுருவித் தெரியும். உங்க அக்கா நகத்துக்குப் பூசி விளக்குக்குக் கீழ காட்டுதாளே ஒரு ஜெல், அதுவும் நல்லாத்தான் நிக்கும். கேட்டு வாங்கு, கேக்காம எடுத்துட்டு அப்புறம் தாத்தாதான் சொன்னாருன்னு என் தலையில போடாத.

இதைச் செஞ்சதும் கீழ வை. போதும். இங்கதான் நீ நிக்க மாட்ட. வெள்ளையில ஒரு கீத்து, ஓரத்துல ஒரு பொட்டுன்னு போயிட்டே இருப்ப. வார்னிஷ் போட்டாச்சுன்னா அது நிசமாவே பளபளக்கும்லே, அறையில எரியுற டியூப்லைட் அதுல தானா தெரியும். அது போக நீயும் ஒரு வெளிச்சத்தை வரைஞ்சா ரெண்டு சூரியன் ஆயிரும். வரையுறதா இருந்தா மேட்டா விட்டுட்டு வரை, பளபளப்பா விட்டா வரையாத. வரையுறவனுக்கும் ஒரு கட்டளை உண்டு. குபோலாவைச் சுத்தி ஆறு கண்ணாடி ஆறு திசையைப் பாக்குதுல்லா? சூரியன் பக்கம் நிக்கிறதுல வெளிச்சம் கூட, எதிர்ப்பக்கம் இருக்கிறதுல கொறவு. ஆறுலயும் ஒரே மூலையில ஒரே பொட்டு வச்சா, சூரியன் டாங்கியைச் சுத்தி ஓடுதுன்னு அர்த்தம்.

சில கிட்டுல கண்ணாடியை ஊடுருவித் தெரியுற பிளாஸ்டிக்குலயே கொடுக்கான். கெடைச்சதேன்னு அப்படியே ஒட்டிராத. உள்ள ஆளும் இல்ல சாமானும் இல்ல, வெறும் கூடு. ஒரு பக்கம் பாத்தா மறுபக்கம் மேசை தெரியும். அதனால அதோட பின்பக்கத்துக்கு முதல்ல பச்சை, அது காஞ்ச பொறவு கறுப்பு அடி. லேசர் காலத்து டாங்கின்னா நடுவுல ஒரு பூச்சு வெள்ளி கொடு. முன்பக்கத்தைத் தொடாத. ஒட்டுறதுக்கு வெள்ளைப் பசைதான், சூப்பர் குளூ ஆகவே ஆகாது. அதோட ஆவி பட்டா கண்ணாடி வெள்ளையா மங்கிரும், துடைச்சாலும் போவாது.

புழுதியைப் பத்தி ஒரு வார்த்தை. டாங்கி பூராவும் புழுதி தூவிட்டுக் கண்ணாடியை மட்டும் துடைச்சு வச்சிருக்கியே, அது சரிதான். உள்ள இருக்கிறவனுக்கு உசுரு அதுலதான் இருக்கு. நாங்க எத வேணும்னாலும் அழுக்கா விடுவோம், அதை விட மாட்டோம். ஆனா மூலை முடுக்கெல்லாம் யாரும் துடைக்க மாட்டான். துணியை வச்சு ஒரு இழுப்பு இழுப்பான், அவ்வளவுதான். நாலு மூலையிலயும் புழுதி இருக்கும், சுத்தி இருக்கிற இரும்புச் சட்டத்துல சுத்தமா துடைப்பே இருக்காது. அந்தக் காலத்து டாங்கியில ஒடைஞ்ச தலைப்புக்கு மாத்து வச்சிருப்பான். வரிசையில ஒண்ணு மட்டும் புதுசா, கீறல் இல்லாம நிக்கும். அதை ஒரு மாடல்ல செஞ்சு காட்டு, நானே ஊருக்கெல்லாம் படத்தை அனுப்புதேன்.

அளவு தெரியாமப் பிரஷ்ஷை எடுக்காத. 1:35-ங்கிறது பெரிய கணக்குப் போட்டு வந்த அளவு இல்ல. ஷிசுவோகாவுல தமியா கம்பெனி அறுபதுகளோட தொடக்கத்துல மோட்டார் வச்ச பேந்தர் செஞ்சப்போ, பேட்டரி உள்ள அடங்கணும்னு வச்ச அளவு. அதுல 15 சென்டிமீட்டர் கண்ணாடி நாலு மில்லிமீட்டருக்குச் சொச்சமா நிக்கும். 1:72-ல ரெண்டு மில்லிமீட்டர். ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள கறுப்பு, பச்சை, வெளிச்சம், மூலைப் புழுதி எல்லாம் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்காத. பளபளப்புக் கறுப்பு ஒரு சொட்டு வச்சுட்டுச் சோறு திங்கப் போ.

அப்புறம், ஊர்ச் சந்தியில மேடை கட்டி நிறுத்தி வச்சிருக்கிற டாங்கியைப் போட்டோ எடுத்துட்டு வந்து, நெசத்துலயே இப்படித்தான் இருக்குன்னு என்கிட்ட வாதாடாத. அங்க வருசா வருசம் பெயிண்டு அடிக்கிறவன் டாங்கிக்காரன் இல்ல. விருந்தாளி வர்ற நாளைக்கு முந்தின நாள் டப்பாவும் ஏணியும் கொடுத்திருப்பாக, அவன் கண்ணுல பட்டதுக்கெல்லாம் அடிச்சிருப்பான். கண்ணாடிக்கு, ரப்பருக்கு, பீரங்கி வாய்க்கு, சில இடத்துல பக்கத்துல நின்ன கொடிக்கம்பத்துக்கு. அதைப் பாத்துத்தான் உன் கூட்டாளி படிச்சிருக்கணும். பாக்கணும்னா மகாராஷ்டிராவுல முந்தி அகமத்நகர்னு பேரு இருந்த அகில்யாநகர்ல டாங்கி மியூசியம் இருக்கு, 1994-ல தொறந்தது. ஒரு நாள் முழுக்க ஒவ்வொண்ணா சுத்திச் சுத்தி வந்து, உக்காந்தும் நின்னும் கண்ணாடியை மட்டும் பாரு. பீரங்கியைப் பாக்கிறதுக்கு ஆயிரம் பேரு வருவான்.

இவ்வளவு சொல்லியும் ஒனக்கு அது வரலன்னு வையி. பிரஷ் பிடிபடல, சொட்டு வழிஞ்சு ஓடுது, கறுப்பு சட்டத்துல ஏறுது. அதுக்கும் எங்கிட்ட ஒரு வழி இருக்கு, உங்க அப்பன்கிட்ட சொல்லாத. அந்த அமெரிக்கன் பெரிஸ்கோப்பு இருக்கே, அதை உள்ள இழுத்துக்கிடலாம். இழுத்தா மேல சின்ன மூடி ஒண்ணு ஓட்டையை அடைச்சுக்கிடும். நெசமான போட்டோவுலயே பாதி ஷெர்மன் அப்படித்தான் நிக்குது. ஏப்ரம்ஸ்ல சுடுறவன் பெட்டிக்குக் கதவே இருக்குன்னு முன்னமே சொன்னேம்லா. எல்லாத்தையும் சாத்து. மூடிக்கு டாங்கி நிறத்தையே அடி. ஒனக்கு ஆலிவ் டிராபு நல்லா வரும், சண்டை போட்டு வாங்குனது வேற. போட்டிக்குக் கொண்டுபோனா, நடுவர் ஒருத்தன் சின்ன டார்ச்சு லைட்டை எடுத்துக்கிட்டுக் குனிஞ்சு குனிஞ்சு வருவான். ஏம்ப்பா எல்லாம் மூடியிருக்குன்னு கேப்பான். ரயில்ல ஏத்திக் கொண்டு போறப்ப உள்ள நிலைமை, சார்னு சொல்லு. உள்ள கண்ணாடி வச்சிருக்கியான்னு கேட்டா, வச்சிருக்கேன், தொறந்து பாத்துக்கோங்கன்னு மரியாதையா சொல்லு. முந்தின நாளே சூப்பர் குளூ போட்டு ஒட்டிரு, என்ன?